தெருநாய் மீட்பு: தூக்கிய பிறகு என்ன செய்வது? தெரிந்தவர்கள் சேர்ந்து எழுதும் இழை

பதிவு 1 – மழைவாசம்

வாட்ஸாப் குழுக்களில் தினமும் ஒரே மாதிரி ஒரு படம் வருகிறது. ரோட்டோரம் சுருண்டு கிடக்கும் நாய், கீழே "யாராவது வாங்க, அவசரம்" என்று ஒரு வரி. தெருப் பெயர் இருக்காது, நேரம் இருக்காது, படம் போட்டவர் அங்கேயே நிற்கிறாரா கிளம்பிவிட்டாரா என்பதும் தெரியாது. நாற்பது பேர் கைகூப்பி விட்டுப் போவார்கள். மதியம் ஆள் போய்ச் சேரும்போது நாய் அங்கே இருக்காது. அடிபட்ட நாய் ஒளிந்துகொள்ள இடம் தேடி நகர்ந்துவிடும். பிறகு சாக்கடை ஓரம், பாலத்தடி, நிற்கும் லாரிக்கு அடியில் என்று தேட வேண்டியிருக்கும்.

படம் போடுகிறவர் முதலில் லொகேஷன் பின் அனுப்புங்கள். பக்கத்துக் கடையின் பெயரைச் சேருங்கள். நாய் எழுந்து நடக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, ரத்தம் சொட்டுகிறதா உறைந்துவிட்டதா, காது நுனியில் வெட்டு இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். காது வெட்டு இருந்தால் கருத்தடை ஆன நாய், அந்தத் தெருவில் அதைத் தெரிந்தவர் கண்டிப்பாக இருப்பார். எதிரே உள்ள டீக்கடையிலும் வாட்ச்மேனிடமும் கேளுங்கள். சோறு வைக்கிறவர் யார் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அவர் கூப்பிட்டால் வரும் நாய், உங்களைக் கண்டால் ஓடும்.

தூக்குவதற்கு முன் இன்னொரு கேள்வி: இன்றிரவு அந்த நாய் எங்கே படுக்கும்? வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903 முதல் இருக்கிறது, புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு 1959 முதல் இருக்கிறது. சிகிச்சைக்கு வழி உண்டு. ஆனால் கட்டுப் போட்டு அனுப்பிய நாயை வைத்துப் பார்க்க ஒரு வீடு, ஒரு ஷெட், ஒரு குளியலறையாவது வேண்டும். அதை முடிவு செய்யாமல் வண்டியில் ஏற்றினால், இரவு 11 மணிக்கு மீண்டும் அதே குழுவில்தான் வந்து கெஞ்ச வேண்டியிருக்கும்.

அவரவர் நன்றாகத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். ஊருக்கு ஊர் மாறும் விஷயங்களையும் குறிப்பிடுங்கள்.


பதிவு 2 – கூடைக்காரன்

பிடிக்கும் முறையை எழுதுகிறேன்.

மூன்று பேர் போதும். ஏழு பேர் சுற்றி நின்றால் நாய் நடுரோட்டுக்குப் பாயும். விடியற்காலை ஐந்து முதல் ஆறு வரை நல்ல நேரம், வண்டி குறைவு. நாய்க்கும் ரோட்டுக்கும் நடுவில் நீங்கள் நில்லுங்கள். அது ஓடினாலும் சுவர்ப் பக்கம்தான் ஓட வேண்டும். நேராகக் கண்ணைப் பார்க்காதீர்கள், பக்கவாட்டில் உட்காருங்கள். வேகவைத்த சிக்கன் ஈரலைச் சின்னத் துண்டாகப் போட்டு வாருங்கள். பிஸ்கட்டுக்கு வலியில் இருக்கும் நாய் தலையைத் திருப்பாது, ஈரல் வாசனைக்குத் திருப்பும்.

கையில் இருக்க வேண்டியவை: பருத்திக் கயிற்றில் சுருக்கு ஒன்று (கம்பிச் சுருக்கு வேண்டவே வேண்டாம், தோலை அறுக்கும்), பழைய கெட்டிப் போர்வை, இரண்டு அங்குல அகலக் கிரேப் பேண்டேஜ், மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் கூடை அல்லது கூண்டு.

வாய்க்கட்டு போட ஒரு மீட்டர் பேண்டேஜ் எடுங்கள். நடுவில் ஒரு தளர்வான முடிச்சு, அந்த வளையத்தை மூக்குத்தண்டின் பாதியில் மாட்டி மேலே இறுக்குங்கள். இரண்டு முனைகளையும் தாடைக்கு அடியில் கொண்டுபோய் ஒரு முறை குறுக்கே முடியுங்கள். பிறகு காதுக்குப் பின்னால் பிடரியில் கட்டுங்கள், உருவிவிடும் முடிச்சாக. பிடரியில் கட்டாமல் விட்டால் ஒரே நொடியில் முன்னங்காலால் கழற்றிவிடும். வாந்தி எடுக்கும் நாய்க்கும், வெயிலில் இரைக்கும் நாய்க்கும் வாய்க்கட்டு கூடாது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கப் போட்டுத்தான் உடம்புச் சூட்டை இறக்கும். கட்டினால் சில நிமிடத்துக்கு மட்டும்.

வண்டி மோதிய நாயை இரண்டு கையால் வாரித் தூக்காதீர்கள். பின்னங்கால் இழுக்கிறது என்றால் முதுகெலும்பாக இருக்கலாம். பிளைவுட் பலகையோ பிளெக்ஸ் பேனரோ கிடைத்தால் பக்கத்தில் வைத்து, போர்வையோடு இழுத்து அதன்மேல் நகர்த்துங்கள். ஈறு வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். ஈறை விரலால் அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் வெளியே ரத்தம் தெரியாவிட்டாலும் உள்ளே கசிகிறது என்று எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள்.


பதிவு 3 – பச்சை_மை

மேலே உள்ளதோடு இதை எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டும்.

வாய் மூட முடியாமல் தாடை தொங்கி, எச்சில் வழிந்து, குரைப்பு கம்மிப் போய் நிற்கும் நாயைப் பார்த்தால் "தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சு" என்றுதான் தோன்றும். விரலை உள்ளே விட்டு எடுக்கப் போவார்கள். செயலிழப்பு வகை ரேபிஸ் அப்படியேதான் இருக்கும். கையை விடாதீர்கள். சென்னையில் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லுங்கள், ஆட்கள் வரும்வரை தெருவில் பிள்ளைகளை விலக்கி வையுங்கள்.

மீட்பு வேலைக்கு வருகிறவர் எவரும் ரேபிஸ் முன்தடுப்பு ஊசி போட்டுக்கொண்டு வாருங்கள்: 0, 7, பிறகு 21 அல்லது 28-ஆம் நாள். இதைப் போட்டவர் பிறகு கடிபட்டால் 0, 3 என்று இரண்டு ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் (உடனடிப் பாதுகாப்பு தரும் எதிர்ப்பொருள் மருந்து) வேண்டியதில்லை. போடாதவர் கடிபட்டால் தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28. தசையில் போட்டால் 0, 3, 7, 14, 28. ரத்தம் வந்த கடி என்றால் காயத்திலேயே இம்யூனோகுளோபுலினும் சேர்த்துப் போட வேண்டும், இதை விட்டுவிடுகிற இடங்கள் இருக்கின்றன, நீங்களே கேளுங்கள். எந்த ஊசிக்கும் முன்னால் குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், கடிகாரம் பார்த்து. மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்கக் கூடாது.


பதிவு 4 – உதவிக்கரம்_தாம்பரம்

புழு வைத்த காயம். சென்னையில் எங்களுக்கு வரும் அழைப்புகளில் இதுதான் அதிகம், மழைக்காலத்தில் இன்னும் அதிகம்.

ஈ காயத்தின் ஓரத்தில் முட்டையிடும். ரவையைக் கொட்டி வைத்தது போல் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். வெளியே ஒரு ரூபாய்க் காசு அளவுதான் ஓட்டை தெரியும், உள்ளே தோலுக்கடியில் உள்ளங்கை அகலத்துக்குக் குடைந்திருக்கும். உற்றுப் பார்த்தால் ஓட்டைக்குள் சின்னச் சின்னப் புள்ளிகள் மேலும் கீழும் அசையும். அது புழுவின் பின்பக்கம். தலையைச் சதையில் புதைத்துக்கொண்டு பின்பக்கத்தால்தான் மூச்சு விடுகிறது. ஆகவே மேலே கெட்டியாக ஆயின்மென்ட் அப்பினால் மூச்சுக்குத் திணறி வெளியே வரும். அப்போது நுனி மழுங்கிய இடுக்கியால் எடுக்க வேண்டும்.

வரிசை இப்படி: காயத்தைச் சுற்றி இரண்டு அங்குலத்துக்கு முடியைக் கத்தரியுங்கள், முட்டைகள் அங்கேதான் மிச்சம் இருக்கும். நார்மல் சலைனை (மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்) 20 மில்லி சிரிஞ்சில் ஏற்றி, ஊசி இல்லாமல், உள்ளே பீய்ச்சுங்கள், வெளியே வரும் நீர் தெளியும் வரை. புழு எடுங்கள். மறுபடி பீய்ச்சுங்கள். முதல் நாள் எல்லாம் எடுத்துவிட்டதாகத் தோன்றும், எடுத்திருக்க மாட்டீர்கள். 24 மணி நேரத்திலும் 48 மணி நேரத்திலும் திறந்து பார்க்காவிட்டால் முதல் நாள் உழைப்பு வீண்.

நெகாசன்ட் தூள் மேலே தூவலாம், ஆனால் அது பூச்சிக்கொல்லி, நக்கினால் விஷம். நக்க முடியாத இடமாக இருக்க வேண்டும், அல்லது கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு போட வேண்டும். கண், காதுத்துளை, பிறப்புறுப்புப் பக்கம் வேண்டாம். பெட்ரோல், மண்ணெண்ணெய், பினாயில் ஊற்றுகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்து நிறுத்துங்கள். புழு சாகும், கூடவே நல்ல சதையும் வெந்துபோகும்.


பதிவு 5 – கூடைக்காரன்

டர்பன்டைன் எண்ணெய்யைப் பஞ்சில் நனைத்து வைப்பது பல டாக்டர்களே செய்வதுதானே சார்? புழு உடனே வெளியே வருகிறது.


பதிவு 6 – உதவிக்கரம்_தாம்பரம்

வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் மயக்கம் கொடுத்து, சில நிமிடம் வைத்து எடுத்து, சலைன் விட்டுக் கழுவிவிடுகிறார்கள். தெருவில் நாம் பஞ்சைத் திணித்துவிட்டு வந்துவிடுகிறோம். அந்த எரிச்சலில் நாய் ஓடும், மறுநாள் நம் கைக்கு வராது. பஞ்சும் உள்ளேயே அழுகும். காயத்துக்குள் ஆழமாகச் சதையும் சவ்வும் இருக்கிற இடத்தில் டர்பன்டைன் எரித்துப் புண்ணைப் பெரிதாக்கும். தெருவில் ஆயின்மென்ட், சலைன், இடுக்கி இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்வோம்.

புழு, உண்ணிக்குப் போடும் ஐவர்மெக்டின் மருந்து பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாட்டுக்கு விற்கும் ஒரு சதவீத ஊசி மருந்தில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கிறது. பத்துக் கிலோ நாய்க்கு டாக்டர் எழுதுவது பெரும்பாலும் 0.2 மில்லி அளவுதான். சாதாரண சிரிஞ்சில் அந்தக் கோட்டைப் பார்க்காமல் 2 மில்லி இழுத்துவிடுவது எளிது. பத்து மடங்கு. கண்மணி விரிந்து, எச்சில் வழிந்து, தள்ளாடிக் கோமாவில் விழும். கோலி (Collie) என்ற நாய் இனத்தின் கலப்புகளுக்குச் சரியான அளவே கூட ஆபத்து. டாக்டர் எடை பார்த்துப் போடட்டும், நாம் போட வேண்டாம்.

அதே போல் வலிக்கு வீட்டில் இருக்கும் மாத்திரை: பாராசிட்டமால், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் மூன்றும் நாய்க்குக் கூடாது. கல்லீரலும் இரைப்பையும் சிறுநீரகமும் கெடும்.


பதிவு 7 – மழைவாசம்

கழுத்துக் கயிறு பற்றி யாராவது எழுதுங்கள். குட்டியாக இருக்கும்போது நைலான் கயிறு கட்டி விடுகிறார்கள், நாய் வளர்கிறது, கயிறு வளர்வதில்லை.


பதிவு 8 – உதவிக்கரம்_தாம்பரம்

எழுதுகிறேன். பார்த்தால் கயிறு தெரியாது. கழுத்தைச் சுற்றி ஒரு வரி, அதில் முடி ஈரமாக ஒட்டியிருக்கும். முகம் வீங்கி, ஒரு நாயின் முகம் இன்னொரு நாயின் உடம்பில் ஒட்ட வைத்தது போல் இருக்கும். துர்நாற்றம் பத்தடி தூரத்திலேயே வரும். அங்கேயே கத்தியை வைத்து அறுக்கப் பார்க்காதீர்கள். தோல் கயிற்றின் மேல் மூடி வளர்ந்திருக்கும், கழுத்தின் பெரிய ரத்தக்குழாய்கள் அதற்கு ஒட்டியே ஓடுகின்றன. மயக்கத்தில் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

இந்த நாய்க்குச் சுருக்குக் கயிறும் போடக் கூடாது. போர்வை, கூடை. அது வாயைத் திறந்து விழுங்கவே கஷ்டப்படும், ஈரலை மிக்சியில் அடித்துக் கஞ்சியாக வையுங்கள். ஆறியபின் கழுத்துப்பட்டையே வேண்டாம், மார்புப் பட்டை மட்டும். இதைத் தத்தெடுப்புப் படிவத்திலேயே எழுதுங்கள்.


பதிவு 9 – சின்னக்குயில்

புதிதாக வந்திருக்கிறேன். எலும்பும் தோலுமாக ஒரு நாய், கட்டிப்போட்டுப் பட்டினி போட்ட வீட்டிலிருந்து மீட்டது, சுமார் 12 கிலோ. பால்சோறு நிறைய வைக்கலாமா?


பதிவு 10 – பச்சை_மை

வேண்டாம் தங்கச்சி. மனசு கேட்காது, ஆனால் முதல் நாள் வயிறு நிறைய வைப்பதுதான் கொல்லும். பல நாள் பட்டினிக்குப் பிறகு சோறும் சர்க்கரையும் உள்ளே போனால் இன்சுலின் குபீரென்று ஏறும். ரத்தத்தில் இருக்கும் கொஞ்சநஞ்ச பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்லுக்குள் போய்விடும். ரத்தத்தில் வற்றிப்போகும். இரண்டு மூன்று நாள் கழித்து, "நல்லாத்தானே சாப்பிட்டுச்சு" என்று நிற்கும்போது இதயம் தடுமாறும்.

கணக்கு சுலபம். இப்போதைய எடையை 30-ஆல் பெருக்கி 70 கூட்டுங்கள். 12 கிலோவுக்கு ஒரு நாளைக்கு 430 கலோரி. முதல் நாள் அதில் கால்பங்கு, ஏறக்குறைய 110. ஒரு அவித்த முட்டையும் இருபது கிராம் அவித்த சிக்கனும் சேர்ந்தால் அவ்வளவுதான் வரும். அதையும் ஆறு வேளையாகப் பிரித்து, ஒவ்வொரு வேளையும் ஒன்றிரண்டு ஸ்பூன். அரிசியைத் தள்ளிப் போடுங்கள். அடுத்தடுத்து மூன்று, நான்கு நாளில் பாதி, முக்கால், முழுசு என்று ஏற்றுங்கள். தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். இரண்டாம் நாளும் நான்காம் நாளும் ரத்தப் பரிசோதனை முடிந்தால் செய்யுங்கள், எலக்ட்ரோலைட் (மேலே சொன்ன தாதுக்களின் அளவு) பாருங்கள் என்று கேளுங்கள்.

கால்பங்கு வைத்ததும் அது தட்டை நக்கிவிட்டு உங்களையே பார்க்கும். அந்தப் பார்வைக்கு இரங்காமல் இருப்பதுதான் இந்த வேலையில் கஷ்டமான பகுதி.

கட்டிப்போட்டுப் பட்டினி போட்டவர்மேல் புகார் கொடுங்கள். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960, பிரிவு 11. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான், அறுபது வருஷமாக அதே தொகை, வெட்கக்கேடு. ஆனாலும் எழுத்தில் புகார் இருந்தால்தான் நாய் திரும்ப அவர் கைக்குப் போகாமல் காக்கலாம். கொலை, விஷம், உறுப்புச் சிதைப்பு என்றால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 325, ஐந்து வருடம் வரை சிறை. விஷ வழக்கில் உடலைப் புதைத்துவிடாதீர்கள். ஐஸ் பெட்டியில் வைத்து, ஃப்ரீசரில் உறைய விடாமல், காவல் நிலையக் கடிதத்தோடு அரசு கால்நடை மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.


பதிவு 11 – அம்பத்தூர்_அக்கா

குட்டிகளுக்கு வருகிறேன். முதலில் ஒரு வேண்டுகோள். குட்டிகள் தனியாகக் கத்துகின்றன என்று உடனே அள்ளிக்கொண்டு வராதீர்கள். தாய் சாப்பாடு தேடிப் போயிருக்கும். தள்ளி நின்று இரண்டு மூன்று மணி நேரம் பாருங்கள். எட்டு வாரம் வரை தாயோடு இருப்பதை விட நல்ல இடம் எங்கும் இல்லை.

தாய் இறந்துவிட்டது நிச்சயம் என்றால்: முதல் வேலை சூடு, இரண்டாவதுதான் பால். உடம்பு சில்லென்று இருக்கும் குட்டிக்குப் பால் கொடுத்தால் குடல் வேலை செய்யாது, உள்ளேயே புளிக்கும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் மறுபக்கம் நகர இடம் வேண்டும். முதல் வாரம் பெட்டிக்குள் 29 முதல் 32 டிகிரி.

பசும்பால் போதாது. நாய்ப்பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைப் போல இரண்டு மடங்குக்கு மேல். கடையில் குட்டிக்கான பால்பவுடர் கிடைக்கிறது, டப்பாவில் உள்ள அளவில் கலக்குங்கள். முதல் வாரம் இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை, ராத்திரியும். கைக்குழந்தை மாதிரி மல்லாத்திப் பிடித்துப் புகட்டாதீர்கள், பால் நுரையீரலுக்குப் போகும். தாய்மடியில் குடிப்பது போல வயிறு கீழே, தலை சற்று மேலே. சிரிஞ்சின் பிஸ்டனை அமுக்காதீர்கள், அதுவே உறிஞ்சட்டும். மூக்கில் பால் நுரை வந்தால் நிறுத்துங்கள்.

ஒவ்வொரு முறை குடித்த பிறகும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்லத் துடைத்து விடுங்கள். மூன்று வாரம் வரை அதனால் தானாக மூத்திரம் போக முடியாது. இது தெரியாமல்தான் பல குட்டிகள் வயிறு உப்பிச் சாகின்றன. சமையலறைத் தராசில் தினமும் எடை போட்டு எழுதுங்கள். தினம் 5 முதல் 10 சதவீதம் ஏற வேண்டும், ஒரு நாள் ஏறவில்லை என்றாலே டாக்டர்.


பதிவு 12 – சின்னக்குயில்

அக்கா, வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் இருக்கிறது. குட்டிகளைத் தனி ரூமில் எத்தனை நாள் வைக்க வேண்டும்?


பதிவு 13 – அம்பத்தூர்_அக்கா

பதினான்கு நாள், ஒரு நாளும் குறைக்காதே. பார்வோ (குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ்) கிருமி உள்ளே போய் மூன்று முதல் ஏழு நாளில் காட்டும், சில சமயம் இரண்டு வாரம் ஆகும். குட்டி முதலில் சும்மா சுணங்கும், பால் வேண்டாம் என்னும், பிறகு வாந்தி, பிறகு ரத்தம் கலந்த பேதி. அந்த நாற்றத்தை ஒரு முறை முகர்ந்தவர் மறக்க மாட்டார். ட்ரிப்ஸ் ஏற்றும் இடத்துக்கு அன்றே போக வேண்டும், "நாளைக்குப் பார்ப்போம்" என்றால் நாளை இருக்காது. டிஸ்டம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோய் மெதுவாக வரும்: கண்ணிலும் மூக்கிலும் சீழ், இருமல், பிறகு பாதம் தடிக்கும், தாடையோ காலோ துடிக்கும்.

தனி ரூமுக்குத் தனிச் செருப்பு, தனித் துணி, தனித் துடைப்பம். முதலில் வீட்டு நாயைப் பார்த்துவிட்டுக் கடைசியில் குட்டிகளிடம் போ. மாற்றிப் போனால் நீயே கிருமியைத் தூக்கிச் செல்கிறாய்.

பினாயில் பார்வோவை ஒன்றும் செய்யாது. பிளீச்சிங் பவுடர் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு கிராம், அல்லது ஐந்து சதவீத ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) திரவம் ஒரு லிட்டருக்கு 33 மில்லி. முதலில் அசிங்கத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி எடுத்துவிட வேண்டும், அழுக்கின்மேல் பிளீச் வேலை செய்யாது. பிறகு ஊற்றிப் பத்து நிமிடம் ஊற விடு. ஜன்னல் திறந்திருக்கட்டும், ஆசிட்டோடு கலந்துவிடாதே. மண் தரையில் பிளீச்சும் உதவாது. பார்வோ வந்துபோன மண் முற்றத்தில் ஊசி போடாத குட்டியை ஆறு மாதத்துக்காவது விடக் கூடாது.

இந்த இரண்டுக்குமான தடுப்பூசி: ஆறு எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, பதினாறு வாரம் ஆகும் வரை. ஒரு ஊசியோடு நிறுத்துவதுதான் நடக்கும் தவறு. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச்சக்தி உடம்பில் இருக்கும்வரை அது ஊசியையும் சேர்த்து அழித்துவிடும். எந்த வாரம் அது வடியும் என்று எந்தக் குட்டிக்கும் சொல்ல முடியாது, அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறோம். ரேபிஸ் ஊசி மூன்றாம் மாதம்.


பதிவு 14 – வரப்பு

கருத்தடை பற்றி யாரும் எழுதவில்லை. மீட்பைவிட அதில்தான் நிறைய நாய் பிழைக்கிறது.

2023-இல் வந்த விலங்கு கருத்தடை விதிகள் 2001 விதிகளின் இடத்தைப் பிடித்தன. பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்பது அப்போதும் இப்போதும் உண்டு. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும் கருத்தடையும் ஊசியும் ஆன நாய்களை அதே பகுதியில் விடச் சொன்னது. ரேபிஸ் உள்ளவையும் வெறியோடு பாய்பவையும் அதில் சேராது. நவம்பர் 7 உத்தரவு வேறு: பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றின் உள்ளிருந்து பிடித்தவற்றை அங்கே திரும்ப விடக்கூடாது, காப்பகத்தில் வைக்க வேண்டும். அந்த வளாகங்களில் சோறு வைக்கிறவர்கள் இப்போதே அங்குள்ள சாதுவான நாய்களுக்கு வீடு தேடத் தொடங்குங்கள்.

நடைமுறையில்: ஒரு தெருவில் பத்து நாய் இருந்தால் இரண்டை மட்டும் அனுப்பிப் பயனில்லை. சினைக்காலம் 63 நாள், வருடத்துக்கு இரண்டு ஈற்று. ஒரே மாதத்தில் ஏழெட்டையாவது முடிக்க வேண்டும், பொட்டைகளை முதலில். பால் கொடுக்கும் தாயை அனுப்பாதீர்கள், மடியைப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். வண்டியில் ஏற்றும்போது ஒவ்வொன்றையும் படம் எடுத்து, எந்தக் கம்பத்தடியில் பிடித்தது என்று எழுதி, டோக்கன் எண் வாங்குங்கள். நாலைந்து நாள் கழித்து இறக்கும்போது நீங்களே அங்கே இருங்கள். இரண்டு தெரு தள்ளி இறக்கினால் அது அவ்விடத்து நாய்களிடம் கடிபட்டுக்கொண்டே வீடு தேடி அலையும்.

இறங்கியதும் தையலைப் பாருங்கள். லேசான வீக்கம் பரவாயில்லை. சீழோ, பிரிந்த தையலோ, சோறு வேண்டாம் என்பதோ இருந்தால் அன்றே திருப்பி அனுப்புங்கள்.


பதிவு 15 – மழைவாசம்

சோறு வைக்கும் இடம் பற்றியும் சொல்லிவிடலாம். 2023 விதிகளில் 20-ஆவது விதி அதற்குத்தான். மாடிப்படி, நுழைவாயில், பிள்ளைகள் விளையாடும் இடம் ஆகியவற்றுக்குத் தள்ளி, பிள்ளைகளும் முதியவர்களும் நடமாடாத நேரத்தில். வைத்த இலையையும் கவரையும் எடுத்துவிட வேண்டும். 2025 ஆகஸ்ட் உத்தரவு இதை இன்னும் இறுக்கி, ஒதுக்கிய இடத்தில் மட்டும் என்றது. உங்கள் வார்டில் இடம் ஒதுக்கவில்லை என்றால் எழுத்தில் கேளுங்கள், மனுவின் நகலை வைத்திருங்கள். அண்டை வீட்டாரோடு வரும் சண்டையில் பாதி சிந்திய சோற்றால் வருவது. எடுத்துச் சுத்தம் செய்கிறவரோடு யாரும் அதிகம் சண்டைக்கு வருவதில்லை.


பதிவு 16 – நாலுகால்_நண்பன்

தத்தெடுப்பு என் பகுதி.

"பாப்பாவுக்குப் பிறந்தநாள், ஒரு குட்டி வேணும்" என்று வருகிறவரிடம் உடனே இல்லை என்று சொல்ல வேண்டாம், கேள்வி கேளுங்கள். வாடகை வீடா, வீட்டுக்காரர் சம்மதம் எழுத்தில் உண்டா? பகலில் எத்தனை மணி நேரம் வீடு பூட்டியிருக்கும்? ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்? முன்பு நாய் இருந்ததா, அதற்கு என்ன ஆனது? கடைசிக் கேள்விக்கான பதில்தான் எனக்கு முக்கியம். "ஓடிப்போச்சு", "கடிச்சிச்சு, விட்டுட்டோம்" என்று வந்தால் யோசிக்க வேண்டியதுதான். மொட்டை மாடியில் கட்டவும், கட்டட வேலை நடக்கும் இடத்தில் காவலுக்கு விடவும் கேட்பவருக்குத் தரக் கூடாது.

வீட்டைப் போய்ப் பாருங்கள். பால்கனிக் கம்பி இடைவெளியில் மூடிய உங்கள் கை போனால் எட்டு வாரக் குட்டியின் தலையும் போகும், வலை அடிக்கச் சொல்லுங்கள். அடுக்ககச் சங்கம் "நாய் கூடாது" என்று விதி போட முடியாது. விலங்கு நல வாரியம் 2015-லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது, நகலைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

ஒப்பந்தத்தில் இரண்டு வரி கண்டிப்பாக வேண்டும்: வயது வந்ததும் கருத்தடை செய்து சான்றை அனுப்ப வேண்டும். வைத்துக்கொள்ள முடியாவிட்டால் மீட்டவரிடமே திருப்பித் தர வேண்டும், தெருவில் விடக்கூடாது. உச்ச நீதிமன்ற உத்தரவும் தத்தெடுத்த நாய் தெருவுக்குத் திரும்பாமல் பார்ப்பது எடுத்தவர் பொறுப்பு என்கிறது. சென்னை என்றால் மாநகராட்சி உரிமமும் வாங்கச் சொல்லுங்கள்.

குட்டியைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஐந்தாம் மாதம் செருப்பையும் சோபாவையும் கடித்ததும் திருப்பித் தரும் அழைப்பு வருகிறது. முதல் முறை வளர்க்கிறவருக்கு இரண்டு வயதுக்கு மேற்பட்ட, கருத்தடை ஆன, சாதுவான தெரு நாயைக் காட்டுங்கள். குணம் ஏற்கெனவே தெரியும், வெயில் தாங்கும், பராமரிப்பு குறைவு. சிப்பிப்பாறை, கன்னி இனங்களும் காப்பகங்களுக்கு வந்து சேர்கின்றன. அவை வேட்டைக்கு ஓடப் பிறந்தவை, இரண்டு படுக்கையறை வீட்டில் அடைத்தால் சுவரைப் பிராண்டும். ஓட இடம் இருப்பவருக்கு மட்டும்.


பதிவு 17 – கூடைக்காரன்

இதோடு ஒன்று: புது வீட்டுக்குப் போன நாய் தொலைவது பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில். கேட் திறந்த நொடியில் ஓடும், புது ஏரியா, வழி தெரியாது. இரட்டைக் கட்டு போடுங்கள்: கழுத்துப்பட்டையில் ஒரு வார், மார்புப் பட்டையில் இன்னொரு வார். பயந்த நாய் பின்னால் இழுத்தால் காது வழியாகக் கழுத்துப்பட்டை உருவி வந்துவிடும், மார்புப் பட்டை பிடிக்கும். பட்டையில் இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும். போன் எண் பொறித்த வில்லை முதல் நாளே. தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் புதிதாக எந்த நாயையும் தத்துக் கொடுக்காதீர்கள்.


பதிவு 18 – வரப்பு

நேரம் குறைவாக உள்ளவர்கள் என்ன செய்யலாம் என்று தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டார்கள். நாய் பிடிக்க ஆள் கிடைக்கிறார்கள், மற்ற வேலைக்குத்தான் ஆளில்லை. வாரம் ஒரு முறை காரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் காத்திருந்து வர ஒருவர். பில், ஊசித் தேதி, டோக்கன் எண்களை எக்செல் தாளில் ஏற்ற ஒருவர். தத்தெடுத்தவருக்கு 1, 3, 7, 30-ஆம் நாளில் போன் போட ஒருவர். காப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமை கூண்டு கழுவ ஒருவர். பழைய செய்தித்தாளும் பெட்ஷீட்டும் சேர்த்துக் கொடுங்கள், எத்தனை வந்தாலும் போதாது. செப்டம்பர் 28 ரேபிஸ் தினத்தையொட்டிப் பல இடங்களில் இலவச ஊசி முகாம் நடக்கும், அன்று உங்கள் தெரு நாய்களை அழைத்துப் போக இப்போதே கயிற்றுக்குப் பழக்குங்கள்.

பிறப்புறுப்பில் காலிபிளவர் போலச் சதை வளர்ந்து ரத்தம் சொட்டும் நாயைப் பார்த்தால் "கேன்சர், இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று விட்டுவிடாதீர்கள். அது நாய்க்கு நாய் இனச்சேர்க்கையில் தொற்றும் கட்டி. வாரம் ஒரு வின்கிரிஸ்டின் (புற்றுநோய்க்குத் தரும் மருந்து) ஊசி, நான்கு முதல் ஆறு வாரம், பெரும்பாலும் முழுதாகக் குணமாகிறது. வாரம் தவறாமல் கொண்டுபோக ஒரு ஆள் கிடைப்பதுதான் கேள்வி. அந்த ஆளாக நீங்கள் இருக்கலாம்.


பதிவு 19 – சின்னக்குயில்

எல்லாம் குறித்துக்கொண்டேன், நன்றி. அந்த 12 கிலோ நாய்க்கு இன்று முட்டையும் சிக்கனும் ஆறு வேளையாகப் போகிறது. ஒரு சந்தேகம்: காலையிலிருந்து மூத்திரமே போகவில்லை. பாத்ரூமில் விட்டாலும் நின்றுகொண்டே இருக்கிறது.


பதிவு 20 – அம்பத்தூர்_அக்கா

மண்ணில் போய்ப் பழகிய நாய்க்கு டைல்ஸ் தரை புரியாது. ஒரு பழைய டப்பா மூடியிலோ தட்டிலோ மண் நிரப்பிப் பாத்ரூம் மூலையில் வை. அது கட்டிக் கிடந்த இடத்து மண் ஒரு பை கிடைத்தால் இன்னும் நல்லது, அதன் வாசனையே அதில் இருக்கும். நீ வெளியே வந்து கதவைச் சாத்திவிடு. அடி வாங்கிய நாய் ஆள் பார்க்கும்போது போகாது. நாளைக் காலைக்குள் போகவில்லை என்றாலோ, குந்திக் குந்தி முக்கினாலோ, வயிற்றைத் தொட்டால் கெட்டியாக இருந்தாலோ காத்திருக்காமல் டாக்டரிடம் கொண்டுபோ. முதல் முறை போனதும் என்ன நிறம் என்று பார்த்து இங்கே எழுது. பால் ஊற்றாத டீ நிறத்தில் இருந்தால் உண்ணிக்காய்ச்சலுக்கு ரத்தம் பார்க்க வேண்டும்.